குற்றவாளியின் வாதத்தை நாம் ஏன் பேசுகின்றோம்?

கொடிய குற்றச்செயல் ஒன்று பற்றிய செய்தி வெளியாகும் ஒவ்வொரு தடவையும் நமது சமூகத்தில் இரண்டு குரல்கள் ஒலிப்பதைக் கேட்கின்றோம். முதலாவது குரல், குற்றம் புரிந்தவன் மனிதப் பிறவியே அல்ல என்று சபிக்கின்றது. இரண்டாவது குரல் சற்றுத் தாழ்ந்த தொனியில் வேறொரு கேள்வியை எழுப்புகின்றது. அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை அங்கே ஏன் போனாள்? அந்தக் குடும்பம் எப்படிப்பட்டது? நெருப்பில்லாமல் புகையுமா? ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும் இவ்விரு குரல்களும் பெரும்பாலும் ஒரே வாயிலிருந்தே வெளிவருகின்றன. இதற்கான காரணத்தைக் குற்றவியல் உளவியல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து வந்துள்ளது. அந்த ஆய்வுகள் தரும் விடை நமக்கு உவப்பானதாக இல்லை என்பதனாலேயே அது இங்கு அதிகம் பேசப்படுவதில்லை போலும்.

2015 மே 13 ஆம் திகதி காலை புங்குடுதீவில் பாடசாலைக்குச் சென்றுகொண்டிருந்த மாணவி ஒருவர் கடத்தப்பட்டு, கூட்டுப் பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்தப்பட்டுக் கொலை செய்யப்பட்டார். மறுநாள் அவரது உடல் கண்டெடுக்கப்பட்டது. பிள்ளையைக் காணவில்லையென முறைப்பாடு செய்யச் சென்ற வேளையில், அவர் யாருடனாவது சென்றிருக்கலாம் என்ற தொனியிலேயே பொலிஸ் தரப்பிலிருந்து பதில் கிடைத்ததென உறவினர்கள் அப்போது குற்றஞ்சாட்டினர். ஒரு வாரத்தின் பின்னர், மே 20 ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் கொதித்தெழுந்த கூட்டத்தின் ஒரு பகுதியினர் நீதிமன்றக் கட்டடத் தொகுதியைத் தாக்கினர். சுமார் 130 பேர் கைது செய்யப்பட்டனர். 2017 செப்டெம்பர் 27 ஆம் திகதி, மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகளைக் கொண்ட தீர்ப்பாயம் ஏழு பேரைக் குற்றவாளிகளாகக் கண்டு மரணதண்டனை விதித்தது. இருவர் விடுவிக்கப்பட்டனர்.

உறவினர்கள் கூறியது போன்ற சந்தேகமும், பின்னர் வீதியில் வெடித்த சீற்றமும் ஒரே வார காலத்துக்குள் ஒரே மண்ணில் எழுந்தவை. உயிருடன் தேடப்பட்டபோது சந்தேகத்துக்கு உள்ளான பெண், உடலாகக் கிடைத்த பின்னரே களங்கமற்றவராக ஏற்றுக்கொள்ளப்படுவது நமது தீவில் புதிய அனுபவமன்று. உயிர் தப்பியவர்களுக்கோ அந்த ஏற்பும் கிடைப்பதில்லை.

"அரக்கன்" என்ற வசதியான விளக்கம்

குற்றம் புரிபவன் நம்மைப் போன்றவன் அல்லன் என்று நம்புவதில் ஓர் ஆறுதல் உண்டு. இத்தாலிய மருத்துவரான செசாரே லொம்புரோசோ 1876 இல் வெளியிட்ட நூலில் இந்த ஆறுதலுக்கு ஒரு விஞ்ஞானத் தோற்றத்தை அளித்தார். மண்டையோட்டின் வடிவம், தாடையின் அமைப்பு முதலிய அடையாளங்களைக் கொண்டு 'பிறவிக் குற்றவாளி'யை இனங்காண முடியும் என்பது அவரது வாதம். பிற்கால ஆய்வுகள் இந்த அடையாளங்களை நிராகரித்துவிட்டன. ஆயினும் அவ்வெண்ணம் மறையவில்லை. சந்தேகநபரின் ஒளிப்படத்தைப் பார்த்தவுடன், முகத்தைப் பார்த்தாலே தெரிகின்றது என்று நாம் சொல்லும் ஒவ்வொரு தருணத்திலும் லொம்புரோசோவே பேசுகின்றார்.

அவருக்குப் பின்வந்த கோட்பாடுகள் கேள்வியை வேறு திசைகளில் எடுத்துச் சென்றன. பிரித்தானிய உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க் 1964 இல், பிறவியிலேயே அமையும் மனப்பாங்கு சிலரிடம் தண்டனையிலிருந்து பாடம் கற்கும் ஆற்றலைக் குறைத்துவிடுகின்றது என வாதிட்டார். அல்பேர்ட் பண்டுரா 1961 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் நடத்திய பரிசோதனையில், பெரியவர் ஒருவர் பொம்மையை அடித்துத் துன்புறுத்துவதைக் கண்ட சிறுவர்கள் அதே அடிகளையும் அதே சொற்களையும் திருப்பிச் செய்துகாட்டினர். வன்முறை கற்றுக்கொள்ளப்படும் ஒன்று என்பதும், முதல் ஆசான்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும் என்பதும் இதனால் தெளிவாகின.

பாதிக்கப்பட்ட குழந்தை நாளைய குற்றவாளி என்ற முடிவுக்கு இங்கிருந்து பலரும் தாவிவிடுகின்றனர். இவ்விடயத்தில் கத்தி ஸ்பாட்ஸ் விடம் 1989 இல் வெளியிட்ட ஆய்வு கவனத்துக்குரியது. சிறுவயதில் துன்புறுத்தலுக்கு அல்லது புறக்கணிப்புக்கு உள்ளானதாக நீதிமன்றப் பதிவுகளில் உறுதிசெய்யப்பட்ட 908 பேரை, அத்தகைய பதிவு எதுவுமற்ற 667 பேருடன் அவர் ஒப்பிட்டார். முதற்குழுவினரில் 26 சதவீதமானோரும் இரண்டாவது குழுவினரில் 17 சதவீதமானோரும் இளம் பராயத்தில் கைதாகியிருந்தனர். வேறுபாடு மெய்யானது, அலட்சியம் செய்யத்தக்கதன்று. எனினும் துன்புறுத்தப்பட்ட பிள்ளைகளில் நால்வரில் ஏறத்தாழ மூவர் அவ்வாறு கைதாகவில்லை என்பதையும் இதே எண்கள் கூறுகின்றன. காரணத்தை அறிவது வேறு, விதியென்று ஒப்புக்கொள்வது வேறு. போரினூடாக வளர்ந்த தலைமுறையொன்றைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது.

மனச்சாட்சியை உறங்கவைக்கும் ஐந்து வாக்கியங்கள்

குற்றவாளிகளிற் பெரும்பாலானோர் சமூகத்தின் ஒழுக்கத்தை அறியாதவர்கள் அல்லர். திருடனும் தன் வீட்டில் திருட்டுப் போவதை விரும்புவதில்லை. தவறென்று தெரிந்த ஒன்றை ஒருவன் எவ்வாறு செய்கின்றான்? அமெரிக்க ஆய்வாளர்களான கிரெஷம் சைக்ஸ், டேவிட் மட்ஸா ஆகியோர் 1957 இல் இதற்குத் தந்த விளக்கம் இன்றும் வலுவிழக்கவில்லை. குற்றம் புரிபவன் ஒழுக்கத்தை நிராகரிப்பதில்லை. தனது செயலுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு அளித்துக்கொள்கின்றான். அந்த விலக்கை ஐந்து வகையான சாட்டுகளின் மூலம் அவன் பெறுகின்றான் என்றனர் அவர்கள்.

முதலாவது, பொறுப்பை மறுத்தல்: "வெறியில் நடந்துவிட்டது." இரண்டாவது, தீங்கை மறுத்தல்: "இதென்ன பெரிய விடயமா?" மூன்றாவது, பாதிக்கப்பட்டவரை மறுத்தல்: "அவளுக்கு இது வேண்டியதுதான்." நான்காவது, கண்டிப்பவரைக் கண்டித்தல்: "நீதி பேசுகின்றவர்கள் மட்டும் யோக்கியமா?" ஐந்தாவது, உயர்ந்த விசுவாசத்தைக் காட்டுதல்: "குடும்ப மானத்துக்காக, இனத்துக்காக, மார்க்கத்துக்காகச் செய்தேன்."

இவ்வாக்கியங்களில் எதுவும் குற்றவாளி தானே கண்டுபிடித்ததன்று. அவை யாவும் அவன் வளர்ந்த சூழலில் ஏற்கனவே புழக்கத்தில் இருப்பவை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்ற பழமொழி, மனைவியைத் தாக்கும் கணவனுக்குச் சமூகம் முன்கூட்டியே எழுதிக்கொடுத்த எதிர்வாதமாகும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு பற்றிய ஆய்வின்படி, இலங்கையில் துணைவருடன் வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர் தம் வாழ்நாளில் அத்துணைவரின் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு உள்ளாகியுள்ளார். இத்தனை வீடுகளில் நடப்பதைத் தனிமனித மிருகத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

பல்கலைக்கழகங்களில் நிகழும் பகிடிவதை இதற்கு மற்றுமோர் உதாரணம். 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தமை நாட்டையே உலுக்கியது. அதனைத் தொடர்ந்து 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் வந்தும் வழக்கம் ஒழியவில்லை. நாங்களும் இதனைக் கடந்துதான் வந்தோம், இது புதியவர்களைப் பக்குவப்படுத்துகின்றது என்ற சாட்டு ஒவ்வோர் ஆண்டும் மூத்த மாணவரிடமிருந்து இளைய மாணவருக்குக் கைமாறுகின்றது. நேற்று பாதிக்கப்பட்டவர் இன்று பாதிப்பை ஏற்படுத்துபவராக மாறுவதற்கு அவரது சுபாவத்தைவிட இந்தச் சாட்டே பெரிதும் துணைநிற்கின்றது.

தனிமனிதருக்குப் பொருந்தும் இவ்விளக்கம் கூட்டங்களுக்கும் பொருந்தும். 1983 ஜூலையில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, திருநெல்வேலித் தாக்குதலில் படையினர் கொல்லப்பட்டமை அதற்கு நியாயமாகக் காட்டப்பட்டது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோதும் அதற்கு ஒரு காரணம் சொல்லப்பட்டது. தமிழர்களிற் பலர் அக்காரணத்தை நீண்டகாலம் திருப்பிச் சொல்லிவந்தனர். 2014 ஜூனில் அளுத்கமவிலும், 2018 மார்ச்சில் திகனையிலும், 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னர் மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் முஸ்லிம்களின் உடைமைகள் தாக்கப்பட்டபோது, அவர்கள் தேடிக்கொண்டது என்ற வாக்கியம் மீண்டும் ஒலித்தது. அந்த ஏப்ரல் தாக்குதல்களில் தேவாலயங்களில் வழிபட்டுக்கொண்டிருந்தோரைக் கொன்றவர்களும் தமது செயலுக்கு ஓர் உயர்ந்த விசுவாசத்தையே காரணமாகக் காட்டினர். இவை அளவிலும் தன்மையிலும் ஒன்றுக்கொன்று வேறுபட்ட நிகழ்வுகள். அவற்றுக்கு முன்பும் பின்பும் பேசப்பட்ட மொழியே அவற்றுக்குப் பொதுவானது. ஒவ்வொரு சமூகமும் தனக்கு எதிராக அந்த மொழி பயன்படுத்தப்பட்டபோது அதனை இனங்கண்டது. தன் பெயரால் அது பேசப்பட்டபோது பெரும்பாலும் மௌனம் காத்தது.

பார்த்திருப்பவரின் உளவியல்

குற்றவாளி தன்னைக் காத்துக்கொள்ளச் சாட்டுச் சொல்வது புரிந்துகொள்ளக்கூடியதே. குற்றத்துடன் எந்தத் தொடர்பும் இல்லாத நாம் ஏன் அவனுடைய வாதத்தையே பேசுகின்றோம்? இவ்விடத்தில்தான் மெல்வின் லேர்னரின் ஆய்வு உதவிக்கு வருகின்றது.

1966 இல் அவரும் கரோலின் சிமன்ஸும் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவிகள் 72 பேர் ஒரு காட்சியைப் பார்க்கும்படி கேட்கப்பட்டனர். கற்றல் பரிசோதனை ஒன்றில் பங்குபற்றும் பெண்ணொருவர், விடைகள் பிழைக்கும்போது மின்னதிர்ச்சி பெற்று வேதனையில் துடிப்பதாக அக்காட்சி அமைந்திருந்தது. உண்மையில் அது நடிப்பே. பார்த்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, அப்பெண்ணை அதிர்ச்சியிலிருந்து மீட்டு அவருக்கு வெகுமதி கிடைக்கும் வழிக்கு மாற்ற வாக்களிக்கும் வாய்ப்பு வழங்கப்பட்டது. ஏறத்தாழ அனைவரும் அவ்வாறே வாக்களித்தனர். மற்றொரு பகுதியினருக்கு அந்த வாய்ப்பு இல்லை. துன்பம் தொடரும் என்று மட்டுமே கூறப்பட்டது. பின்னர் அப்பெண்ணின் குணத்தைப் பற்றிக் கேட்டபோது, உதவ வழியற்றிருந்தவர்கள் அவரைத் தாழ்த்தி மதிப்பிட்டனர். பிறருக்காகத் தானே முன்வந்து துன்பத்தை ஏற்றவராக அவர் காட்டப்பட்டபோது அந்த இழிப்பு மேலும் கூடியது.

உலகம் நீதியானது, நல்லவருக்கு நல்லதே நடக்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் மனிதர்கள் நிம்மதியாக வாழ்வது கடினம் என்பது லேர்னரின் விளக்கம். குற்றமற்ற ஒருவர் துன்புறுவதை வெறுமனே பார்த்திருக்க நேரும்போது அந்த நம்பிக்கை ஆட்டங்காணுகின்றது. அதனைக் காப்பாற்ற இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று, துன்பத்தைத் தீர்ப்பது. மற்றொன்று, துன்புறுபவர் அதற்குத் தகுதியானவரே என்று தீர்மானிப்பது. முதலாவது வழி அடைபட்டிருக்கும்போது மனம் இரண்டாவதை நாடுகின்றது. அவள் இரவில் சென்றதனால் இது நடந்தது எனில், இரவில் செல்லாத என் மகளுக்கு இது நடக்காது. இவ்வாறு நாம் தேடுவது நமது நிம்மதியை. அதற்கான விலையைப் பாதிக்கப்பட்டவரே செலுத்துகின்றார்.

இப்பொறியில் பாமரர் மட்டும் விழவில்லை. பாதிக்கப்பட்டோர் பற்றிய அறிவுத்துறையே தொடக்கத்தில் இதே பாதையிற் சென்றது. ஹான்ஸ் வொன் ஹென்டிக் 1948 இல் வெளியிட்ட நூல், குற்றத்தின் உருவாக்கத்தில் பாதிக்கப்பட்டவருக்கு உள்ள பங்கை ஆராய்ந்தது. பெஞ்சமின் மெண்டல்சோன் பாதிக்கப்பட்டோரை, முற்றிலும் குற்றமற்றவர் தொடக்கம் முழுக் குற்றமும் உடையவர் வரை வகைப்படுத்தினார். மார்வின் வுல்ப்காங் பிலடெல்பியா நகரின் 588 கொலைகளை ஆராய்ந்து, அவற்றுள் 26 சதவீதமானவற்றில் இறந்தவரே முதலில் வன்முறையில் இறங்கியிருந்தார் என 1958 இல் காட்டினார். கைகலப்பில் முடியும் கொலைகளைப் பொறுத்தவரை அது பயனுள்ள அவதானமே. 1971 இல் மெனக்கம் அமீர் அதே அளவுகோலைப் பாலியல் வல்லுறவுக்குப் பிரயோகித்து, அந்நகரின் 646 சம்பவங்களில் 19 சதவீதமானவை பாதிக்கப்பட்ட பெண்ணால் தூண்டப்பட்டவை என்றபோது கடும் கண்டனம் எழுந்தது. பெண்ணின் 'பெயர்' கெட்டிருந்தமையும் மது அருந்தியமையும்கூடத் தூண்டுதலுக்கான அறிகுறிகளாக அதில் நோக்கப்பட்டிருந்தன. சமூகத்தின் முணுமுணுப்பு அங்கே புள்ளிவிபரமாகிவிட்டது.

சட்டமும் இதிலிருந்து தப்பவில்லை. வல்லுறவு வழக்கில் முறைப்பாட்டாளரான பெண் ஒழுக்கங்கெட்டவர் என நிரூபித்து அவரது சாட்சியத்தின் நம்பகத்தன்மையைத் தகர்க்கலாம் என 1872 ஆம் ஆண்டின் இந்திய சான்றுச் சட்டம் இடமளித்திருந்தது. அச்சட்டத்தை மாதிரியாகக் கொண்டே இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895 இல் இயற்றப்பட்டது. இந்தியா அந்த ஏற்பாட்டை நீக்குவதற்கு 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கூச்சலிடாதவர் சம்மதித்தவரா?

வெளியிலிருந்து வரும் பழியைக் காட்டிலும் உள்ளிருந்து எழும் பழி கொடியது. பாதிக்கப்பட்டவர் தம்மைத் தாமே குற்றஞ்சாட்டிக்கொள்வதை ஆராய்ந்த உளவியலாளர் ரொனி ஜனோப் புல்மன், அதில் இரண்டு வகைகளை 1979 இல் வேறுபடுத்திக் காட்டினார். அந்த வழியாகப் போயிருக்கக் கூடாது என்று செயலைக் குறைகூறுவது முதல் வகை. இனித் தவிர்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையேனும் அதில் எஞ்சியிருக்கும். நான் இப்படிப்பட்டவள், எனக்கு இதுதான் கிடைக்கும் என்று தன் இயல்பையே குறைகூறுவது இரண்டாவது வகை. அதில் மீட்சிக்கு வழியில்லை. செயலில் தொடங்கும் சுயபழியை இயல்பின் மீதான பழியாக மாற்றிவிடும் ஆற்றல் ஊரின் பேச்சுக்கு உண்டு.

பேராபத்தின் முன் மனித உடல் எப்போதும் போராடுவதோ ஓடுவதோ இல்லை. பல வேளைகளில் அது உறைந்து போகின்றது. அதிர்ச்சியின் நினைவுகள் துண்டு துண்டாகவும் வரிசை தவறியும் மீளக்கூடும். இதனை அறியாதவர்கள், கூச்சலிடாததைச் சம்மதமாகவும் தடுமாற்றத்தைப் பொய்யாகவும் கொள்கின்றனர். இவ்விடயத்தில் நமது சட்டம் சமூகத்தைவிட முன்னே நிற்கின்றது என்பது குறிப்பிடத்தக்கது. சம்மதமின்மையை நிரூபிப்பதற்கு உடற்காயங்கள் போன்ற எதிர்ப்பின் அடையாளங்கள் இன்றியமையாதவை அல்ல என்பதைத் தண்டனைச் சட்டக்கோவைக்கான 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தெளிவாகக் கூறியுள்ளது. எனினும் பொலிஸ் நிலையத்தின் முதல் மேசையிலும் உறவினரின் முற்றத்திலும் காயம் எங்கே என்ற கேள்வியே இன்னமும் முந்திக்கொண்டு வருகின்றது.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் வடு தனிமனிதரில் மாத்திரம் தங்குவதில்லை, குடும்பங்களையும் சமூகத்தின் நம்பிக்கைப் பிணைப்புகளையும் அது சிதைக்கின்றது எனத் தொடர்ந்து எழுதிவந்துள்ளார். அவ்வாறு சிதைந்த சமூகத்தில் பாதிக்கப்பட்டவருக்குச் சாய்ந்துகொள்ள ஒரு தோள் கிடைப்பதும் அரிதாகின்றது.

வழியிருந்தால் பழியிராது

லேர்னரின் ஆய்விலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் மனித இயல்பு இழிந்தது என்பதன்று. உதவும் வழி திறந்திருந்தபோது மாணவிகள் ஏறத்தாழ அனைவரும் உதவியையே தெரிவுசெய்தனர். அவ்வாறு தெரிவுசெய்தவர்களுக்கு அப்பெண்ணை இழிவுபடுத்த வேண்டிய தேவை எழவில்லை. ஆகவே பழிசொல்லும் வழக்கத்தைப் போதனையால் மட்டும் ஒழிக்க முடியாது. உதவுவதற்கான வழிகளை அமைக்க வேண்டும். அவை இயங்குகின்றன என்பதை மக்கள் கண்ணால் காணவும் வேண்டும்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985 நவம்பர் 29 ஆம் திகதி ஏற்றுக்கொண்ட பிரகடனம், குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு கண்ணியமான நடத்துகை, தகவல், நட்டஈடு, உதவி ஆகியன உரித்தானவை என்றது. இலங்கை இதற்குச் சட்ட வடிவம் கொடுக்க 30 ஆண்டுகள் சென்றன. 2015 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாப்பதற்கான தேசிய அதிகாரசபையை உருவாக்கியது. அதற்குப் பதிலாக 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பொலிஸாரோ நீதிவான் நீதிமன்றத்திடம் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கங்களும் உள்ளன. இவற்றை நமது வாசகர்களில் எத்தனை பேர் அறிந்திருக்கின்றனர்? அறிந்தவர்களில், தமிழில் பேசித் தமிழிலேயே பதில் பெற முடியும் என்ற நம்பிக்கை எத்தனை பேருக்கு உண்டு? தாய்மொழியில் முறைப்பாடு செய்ய முடியாத இடத்தில் உதவி இருந்தும் இல்லாததற்குச் சமம். வடக்கு, கிழக்கு, மலையகம் எங்கும் பொலிஸ் நிலையங்களின் பெண்கள், சிறுவர் பிரிவுகளில் தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர்களைப் போதியளவு நியமிக்க வேண்டும் என்பது மொழியுரிமைக் கோரிக்கையாக இருப்பதுடன், குற்றத் தடுப்புக்கான கோரிக்கையாகவும் அமைகின்றது.

அரசை மட்டும் சுட்டிக்காட்டி நாம் விலகிவிடவும் முடியாது. கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் தேவாலயப் பங்குச் சபைகளும் இத்தகைய சம்பவங்கள் முதலில் வந்துசேரும் இடங்களாக உள்ளன. ஊர் மானம் கருதிச் சமரசம் செய்து அனுப்பிவைப்பதே அங்கு பெரும்பாலும் தீர்வாகக் கருதப்படுகின்றது. அச்சமரசம், இதென்ன பெரிய விடயமா என்ற சாட்டுக்கு ஊர்ப் பெரியோர் வைக்கும் கையொப்பமாகிவிடுகின்றது. பாதிக்கப்பட்டவருடன் வைத்தியசாலைக்கும் நீதிமன்றத்துக்கும் கூடச் செல்ல இருவரை நியமிப்பது இச்சபைகளுக்குப் பெரும் செலவை ஏற்படுத்தாது. ஆனால் தனியே அந்த வாயிலைக் கடக்க அஞ்சும் ஒருவருக்கு அது பேருதவி.

பத்திரிகைத்துறைக்கும் இதில் பொறுப்புண்டு. காதல் தொடர்பே காரணமா என்று தலைப்பிட்டு, கேள்விக்குறியின் பின்னால் ஒளிந்துகொள்ளும் செய்தி, நீதிமன்றில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுப்பும் முன்னரே எதிரியின் வாதத்தை ஊரெங்கும் கொண்டு செல்கின்றது. பாதிக்கப்பட்டவரின் உடை, நட்பு, நடமாட்டம் ஆகியவை குற்றத்தை விளங்கவைக்கும் தகவல்கள் அல்ல. அவற்றை அச்சேற்றுவதற்கு முன்னர், இந்த வாக்கியத்தைக் குற்றம் சாட்டப்பட்டவர் கேட்டால் ஆறுதலடைவாரா என்று ஆசிரிய பீடங்கள் ஒருமுறை சிந்திப்பது நன்று.

அடுத்த குற்றச் செய்தி வெகுதொலைவில் இல்லை. அது வரும்போது, அவள் ஏன் அங்கே போனாள் என்ற கேள்வி நம் நாவின் நுனிக்கு வரத்தான் செய்யும். அக்கேள்வியைக் குற்றம் புரிந்தவன் நமக்கு முன்பே தன்னிடம் கேட்டு, அதற்கு அவளைக் குறைகூறும் பதிலையும் சொல்லிக்கொண்டான் என்பதை அவ்வேளையில் நினைவிற் கொள்வோமாக. அவளுக்கு இப்போது என்ன தேவை என்று கேட்பதே நம்மால் தொடங்கக்கூடிய வேலை.